லாலான் மருந்தும் அண்ணியின் நாயும்

எனக்கு நாயென்றாலே ஆகாது. அண்ணிக்கோ நாய் இல்லாமல் ஆகாது. அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே வீட்டில் ஒரு நாய். புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவள் பால்மரம் வெட்டிய நிரை காட்டோரம் இருந்தது. பன்றி வரும், பாம்பு கிடக்கும். நாய் முன்னால் ஓடிக் குரைத்தால்தான் அவளுக்குக் கத்தி ஓடும்.

வெள்ளைக்காரன் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது. லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, காலையில் ஒவ்வொருவராகச் சோதித்துத்தான் கேட்டுக்கு வெளியே விட்டார்கள். ஒரு பிடி சோறு கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடுமாம். எங்கள் வயிறே காயும்போது நாய்க்கு யார் சோறு கட்டுவது? பசித்த நாய் கண்டதிலும் வாய் வைக்கும். வழியெல்லாம் லாலான் புல்லைக் கொல்ல அடித்த மருந்து. அது உப்புக் கரிக்கும் என்பார்கள். மாடும் நாயும் ஆசையாக நக்கும். அண்ணியின் முதல் நாய் அப்படி நக்கி, நுரை தள்ளி, அவள் மடியிலேயே செத்தது.

இரண்டாவது நாயை வீட்டில் விடவும் வழியில்லை. கட்டிப்போட்டால் கயிற்றைக் கடித்துக்கொண்டு கிளம்பிவிடும். வேலிக்குள் தனியாகத் திரிந்த நாய்களைக் காவலர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே துப்பாக்கி, வெளியே மருந்து. அண்ணி யோசித்தாள். கன்றுக்குட்டிக்குப் போடுவோமே வாய்க்கூடை, அதைப் பிரம்பில் சின்னதாகப் பின்னினாள். காலையில் தன் பங்குச் சோற்றை நாய்க்குப் போட்டு, கூடையை மூஞ்சியில் மாட்டி, கேட்டுக்குக் கூட்டி வருவாள். வரிசையே சிரிக்கும்.

"மாப்பிள்ளைக்கு முகமூடியா அண்ணி?" என்று நாத்தனார் நானும் கிண்டல் செய்தேன்.

"சிரிங்க லா, நல்லா சிரிங்க. என் நாய் உசுரோட இருக்கு, அது போதும்" என்றாள்.

ஒரு நாள், கேட்டுக்குப் புதிதாக வந்த மலாய்க்காரக் காவலர் குனிந்து கூடையைத் தொட்டுப் பார்த்தார். பின்னலுக்குள் நாலு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. "நாசி!" என்று கத்தினார். அவர் பாஷையில் சோறு. வரிசை ஒதுங்கியது. சோறு கடத்தினால் ஜெயில் என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணி மட்டும் அசையவில்லை. நாய் தின்ற மிச்சம் அது, வேண்டுமானால் அதன் வாயையும் திறந்து பாருங்கள் துவான் என்று தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆளை விட்டார், கூடையை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

"நாய விட்டுட்டு வாம்மா, நேரமாவுது" என்று வேலை வாங்கும் மண்டோர் அவசரப்படுத்தினார். நாங்கள் போக வேண்டிய பாதையில் முந்தின நாள்தான் மருந்தடித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் புல் ஈரமாகப் பாதைமேல் சாய்ந்து கிடந்தது.

"கயித்த இறுக்கிப் புடிச்சிக்கிட்டு நடங்க அண்ணி" என்றேன்.

"கால்ல ஒட்டும் புள்ள. அப்புறம் உக்காந்து கால நக்கும்."

சொல்லிக்கொண்டே குனிந்தாள். கடா மாதிரி இருந்த அந்த நாயை அள்ளித் தோளில் குறுக்கே போட்டுக்கொண்டாள்.

அம்மாடி, என்ன பொம்பளை அவள்! நாய் திமிறியது, நகம் பட்டு ரவிக்கை கிழிந்தது. அவள் நிற்கவில்லை. அவளுடைய வாளிகளையும் நான் சுமந்துகொண்டு, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பின்னால் போனேன். மருந்தடித்த இடம் தாண்டி, ஓடையில் தன் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் நாயை இறக்கினாள். அவள் காலை நக்குவது அதன் பழக்கம். அதைக்கூட நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

திரும்பும்போதுதான் சிக்கல். வாளிகள் நிறையப் பால். என் தோளில் என் பால் இருந்தது. அவளுக்கோ பாலும் நாயும் ஒரே தோளில் வராது. பாலை மரத்தடியில் வைத்துவிட்டு நாயைத் தூக்கினாள். அதைப் பால் நிறுக்கும் ஸ்டோரில் கட்டிவிட்டுத் திரும்பப் போய் எடுத்து வருவதற்குள் பால் உறைந்து கட்டியாகிவிட்டது.

"நாய்க்காக ஒரு நாள் பாலக் கெடுத்துட்டியே, அறிவிருக்கா?" என்று மண்டோர் எல்லார் முன்னாலும் ஏசினார்.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மரம் நாளைக்கும் பால் குடுக்கும் அய்யா. செத்த நாய் எந்திரிச்சு வராது." மண்டோர் அடுத்த வாளியை நிறுக்கப் போய்விட்டார். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மறுநாளும் காவலர் கூடையைத் தரவில்லை, புதிது பின்னப் பிரம்பும் இல்லை. கேட்டுக்கு வெளியே நாயைத் தூக்க அண்ணி குனிந்தாள். தோள் வீங்கிக் கை எழும்பவில்லை. மறுபடியும் குனிந்தாள், முடியவில்லை. கண் கலங்க அப்படியே நின்றாள். நாய் அவளைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

"கடிச்சே, தோலை உரிச்சிருவேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டு, அதைத் தூக்கி என் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.