படிப்பகத்துக் கம்ப்யூட்டருக்கு ஒரு பட்டிமன்றம்

அந்த வயதில் எனக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது. சென்னையில் பெண்கள் விடுதியில் தங்கி, சாஃப்ட்வேர் எழுதும் வேலை. ஆபீசுக்குப் போனதும் தொழில்நுட்பச் செய்திகளை ஒரு மேய் மேய்ந்துவிட்டுத்தான் காபிக்கே எழுந்திருப்பேன். எந்த நாட்டில் எந்தத் தளத்தைத் தடை செய்தார்கள், எந்தப் பெரிய மனிதர் இன்டர்நெட்டைப் பற்றி என்ன உளறினார், எல்லாம் எனக்கு அத்துப்படி. நாலு பக்கங்களை முடக்கச் சொன்னால் மொத்தத் தளத்தையும் இழுத்து மூடுகிற கூத்தைப் பற்றி என் வலைப்பூவில் பொரிந்து தள்ளியிருக்கிறேன். படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதிலும் பாதிப் பேர் என்னோடு மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள். ஆனாலும் உலகமே என் தீர்ப்புக்குக் காத்திருக்கிற மாதிரிதான் எழுதுவேன்.

அதனால் 2009 பொங்கலுக்கு வந்தபோது, எங்கள் ஊரிலேயே இன்டர்நெட்டுக்குப் பஞ்சாயத்து நடக்கிறது என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் ஊர் ராமநாதபுரத்திலிருந்து வாலிநோக்கம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. மழை பெய்தால் நெல், பிறகு மிளகாய், இரண்டும் பொய்த்தால் வளைகுடா. அப்படிப் போன ஆண்கள் சேர்ந்து பணம் அனுப்பி, ஊர்ப் படிப்பகத்துக்கு ஒரு கம்ப்யூட்டரும் பிராட்பேண்ட் இணைப்பும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். என் அண்ணனும் அதில் ஒருவன். அங்கே கிரேன் ஓட்டுகிறான். கல்யாணமாகி ஆடி மாதம் கூட வராத நிலையில் விமானம் ஏறிவிட்டான்.

வீட்டில் ஒரே செல்போன், அது அய்யாவின் சட்டைப்பையில் இருக்கும். அண்ணன் கூப்பிட்டால் அய்யா மழையைப் பற்றிப் பேசி, அம்மா ஒரு பாட்டம் அழுது, மதினி கைக்கு வரும்போது கார்டு தீர்ந்துவிடும். தீராவிட்டாலும் மாமனார் மாமியார் முன்னால் அவள் என்ன பேசுவாள்? படிப்பகத்தில் கம்ப்யூட்டரை மூலையில், திரை சுவரைப் பார்க்கிற மாதிரி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு லீவு. மதினி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவனோடு சாட் செய்வாள். அண்ணன் முகமும் தெரியும், விட்டு விட்டு. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் தனியாக இருக்கக் கிடைத்த ஒரே இடம் அந்த மூலைதான்.

அதற்குத்தான் வேட்டு வந்தது. பிளஸ் டூ பையன்கள் இரண்டு பேர் சாட்டிங்கில் ஒரு பெண்ணை உருகி உருகிக் காதலித்திருக்கிறார்கள். அந்தப் பெண் பக்கத்து ஊர்ப் பையன் என்று தெரிந்ததும் பஸ் ஸ்டாப்பில் கைகலப்பு. உடனே சாட்டிங்கையும் இன்னும் பலதையும் பூட்டிவிட வேண்டும் என்று படிப்பகக் கமிட்டியில் பாதிப் பேர், கூடாது என்று பாதிப் பேர். படிப்பகத் தலைவர் எனக்குப் பெரியப்பா முறை, மிளகாய் கமிஷன் கடை வைத்திருப்பவர். எந்தப் பக்கம் பேசினாலும் மறுபக்கத்துக்காரன் தன் மிளகாயை வேறு கடையில் இறக்கிவிடுவான். ஆகவே அவர் ஒரு யுக்தி செய்தார். மாட்டுப் பொங்கல் சாயங்காலம் எப்படியும் பட்டிமன்றம் உண்டு. தலைப்பு: இணையத்துக்குத் தேவை கட்டுப்பாடா, சுதந்திரமா? நடுவர் என்ன சொல்கிறாரோ அதுதான் கமிட்டி முடிவு. பூட்டு என்றால் பூட்டிக் கொடுப்பது நான்.

சுதந்திர அணியில் எனக்கு இடம் கொடுத்தார்கள். எனக்குக் கேட்கவா வேண்டும்? மதினியிடம், கவலையே படாதீர்கள், கிழித்துத் தோரணம் கட்டிவிடுகிறேன் என்று சொன்னேன். அவள் சிரித்தாளே தவிர, பந்தலுக்குப் போகிற வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

மேடை ஏறிய பிறகுதான் சேதி வந்தது. பாம்பன் பாலத்தில் காற்று அதிகம் என்று ரயிலை நிறுத்திவிட்டார்களாம். கட்டுப்பாட்டு அணியின் முக்கியப் பேச்சாளர் ராமேஸ்வரத்துக்காரர், ரயிலுக்குள் மாட்டிக்கொண்டார். நடுவர் ராமநாதபுரத்தில் தமிழ்ப் பேராசிரியர். அணிக்கு ஆள் குறைந்தால் பட்டிமன்றம் எப்படி என்று உதட்டைப் பிதுக்கினார். பெரியப்பா என்னைப் பார்த்தார். ஏத்தா, படிச்ச புள்ள எந்தப் பக்கமும் பேசலாம்ல என்று நாற்காலியோடு என்னை அந்தப் பக்கம் நகர்த்திவிட்டார். பெண்கள் வரிசையில் மதினி முகம் சுருங்கிப்போனது.

சொதப்பிவிடலாம் என்றுதான் எழுந்தேன். ஆனால் மைக் கைக்கு வந்தால் ஒரு புத்தி வருகிறதே, அது நல்ல புத்தி இல்லை. பஸ் ஸ்டாப் சண்டையைச் சொன்னேன், சிரித்தார்கள். பெற்ற பிள்ளை எந்த நாட்டுக்காரனோடு பேசுகிறது என்று தெரியாமல் தூங்குகிற தாயைச் சொன்னேன், கை தட்டினார்கள். தட்டத் தட்ட எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. சென்னையில் என்னோடு சண்டைக்கு நின்றவர்கள் சொன்ன வாதங்களையெல்லாம் அவர்களை விட அழகாகச் சொன்னேன். நடுவர் தலையாட்டித் தலையாட்டிக் குறிப்பெடுத்தார். சட்டென்று உறைத்தது: ஜெயித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பதற்றத்தில்தான் அது தோன்றியது. சரி, பூட்டிவிடுவோம், பூட்டப்போகிறவள் நான்தான், எதையெதைப் பூட்ட வேண்டும் என்று இப்போதே சொல்லுங்கள் என்று கூட்டத்தையே கேட்டேன். முதலில் சினிமா என்றது ஒரு குரல். கிரிக்கெட் ஸ்கோர் என்றாள் ஒரு பையனின் அம்மா. ஜாதகம் பார்க்கிற தளங்களை மூடச் சொன்னார் கல்யாணத் தரகர். ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சியின் பத்திரிகையைச் சொல்ல, அந்தக் கட்சிக்காரர் எழுந்து இவருடையதைச் சொன்னார். மிளகாய் விலை போடுகிற பக்கத்தை மறந்துவிடாதே, விலை எங்களுக்குத் தெரிந்துவிட்டால் உன் பெரியப்பா கமிஷன் என்னாவது என்று பின்னாலிருந்து எவனோ கத்த, பந்தலே அதிர்ந்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஆளாளுக்கு ஒரு பூட்டு. எல்லாவற்றையும் போட்டால் கம்ப்யூட்டரில் மிஞ்சுவது கடிகாரம்தான்.

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மேடைக்கு வந்து, கண்டதையும் விடு, சாட்டிங்கை முதலில் பூட்டு, அதில்தான் இத்தனை வம்பும் என்றார்.

மதினி எழுந்தாள். அவளிடம் யாரும் மைக் கொடுக்கவில்லை, தேவையும்படவில்லை.

"அதுலதான் அவுக எங்கூடப் பேசுறாக. அத நிப்பாட்டுறதா இருந்தா, கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்த ஆம்பளைகளையும் ஊருக்கு வரச் சொல்லிருங்க."

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி கை தட்டினாள். வளைகுடாவில் புருஷன் இருக்கிற மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நடுவர் சுதந்திரத்துக்கே தீர்ப்பு சொன்னார். எதையும் பூட்ட வேண்டாம். ஆனால் திரை சுவரைப் பார்த்து இருக்க வேண்டாம், கூடத்தைப் பார்த்து இருக்கட்டும், நாலு பேர் பார்க்கிற இடத்தில் தப்பு நடக்காது என்றார். என்ன பக்குவமான தீர்ப்பு என்று ஊரே மெச்சியது. தோற்ற அணியில் உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் விட அதிகமாகக் கை தட்டியவள் நான். வலைப்பூவில் எழுதவேண்டிய முதல் வரியை வீட்டுக்கு நடக்கும்போதே யோசித்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காணும் பொங்கல் லீவு என்பதால் படிப்பகம் முழுக்க ஆண்கள். பேப்பர் படிக்கிறவர்கள், கேரம் ஆடுகிறவர்கள், சும்மா இருக்கிறவர்கள். மேசையை விடியற்காலையிலேயே திருப்பி வைத்துவிட்டார்கள். மதினி அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அண்ணன் முகம் வந்தது. கேரம் நின்றது.

சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். இங்கே எல்லாரும் நல்லா இருக்கிறோம் என்றாள். ஒன்றும் தெரியாத அண்ணன், திரையில் தெரிந்த அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எதையோ தட்ட ஆரம்பித்தான். முதல் எழுத்துகள் விழுந்ததும் மதினி உள்ளங்கையால் திரையை மறைத்துக்கொண்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். வேப்பமரத்தடியில் நின்றாள்.

"பேச விட்டுட்டாக. ஆனா பேச முடியலத்தா."

பூட்டலாம், பூட்டக் கூடாது என்று இத்தனை வருஷமாக இரண்டே இரண்டு கட்சிதான் எனக்குத் தெரியும். எத்தனை செய்தி படித்தேன், எத்தனை பேரோடு சண்டை போட்டேன். எதையும் பூட்டாமலே வாயை அடைக்க ஒரு மேசையைத் திருப்பினால் போதும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. பெரியப்பாவிடம் போய்ப் பேசுகிறேன், கமிட்டியைக் கூட்டச் சொல்கிறேன், நடுவருக்கே போன் போடுகிறேன் என்று படபடத்தேன்.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே உள்ளே போனாள். மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. ஓடிப்போய் மறுபக்கத்தைப் பிடித்தேன். வயர்கள் இழுபட்டன, மோடம் கீழே விழுந்தது, ஸ்டூல் ஒன்று சாய்ந்தது. தீர்ப்பு சொல்லியாச்சுல்ல என்று பெரியப்பா பேப்பருக்கு மேலே முகத்தை நீட்டினார். மதினி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசை மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. பெரியப்பா பேப்பரை மடித்து வைத்து, மஞ்சுவிரட்டுக்கு நேரமாச்சு, எந்திரிங்கப்பா என்று எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போனார்.

வயர்களைச் செருகி, இணைப்பைப் பிடித்து, அண்ணனை மறுபடி வரவைத்தேன். எனக்கு ஒரே பெருமை. ஒரு பெரிய அரசாங்கத்தையே கவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. மதினி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள், விரலை எழுத்து மேல் வைத்தாள், ஆனால் தட்டவில்லை. என்ன தயக்கம், எல்லாரும்தான் போய்விட்டார்களே என்று கேட்டேன்.

"நீயும் போத்தா" என்றாள்.