மதாம் போட்ட சூனியம்

சென்ற புதன்கிழமை காலை. வாயில் பற்பொடியும் கையில் சொம்புமாகக் கிணற்றடியில் நிற்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அலறல்.

"ஐயோ... எந்தப் பாவி எங்க வூட்டுக் கொல்லையில இத்தக் கொண்ணாந்து வெச்சான்!"

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள். விழுப்புரம் ஜங்ஷனில் நிற்கிற எஞ்சின்கூட ஒரு தடவை திரும்பிப் பார்க்கும், அப்படியொரு குரல். கணவர் கன்னியப்பனுக்கு ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. அவர் ரயிலைத் திருப்புவார். இந்த அம்மாள் அவரைத் திருப்புவார்.

பற்பொடியை விழுங்கிவிட்டு ஓடினேன்.

அவர்கள் வீட்டு எலுமிச்சை மரத்தடியில் ஒரு முட்டை கிடந்தது. முட்டை என்றால் நீங்களும் நானும் பார்த்த முட்டை அல்ல. பழம்புளி நிறம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் குங்குமத்தைக் குழைத்துப் பூசிக் காயவைத்த மாதிரி. பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். அதற்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு இறகு.

எலுமிச்சை மரத்தடியில் எலுமிச்சம்பழம் கிடக்காமல் பலாப்பழமா கிடக்கும்? ஆனால் பயந்தவர்களிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

"சூனியம் வெச்சிட்டாங்க சார்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் பச்சையம்மாள்.

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. அன்று சாயங்காலம்தான் அவர் மகள் தனத்தைப் பெண் பார்க்கத் திண்டிவனத்திலிருந்து வருகிறார்கள். முன்பு வந்த இரண்டு இடமும், 'லெட்டர் போடறோம்' என்று சொல்லிவிட்டுப் போனவை. தபால்காரர் சைக்கிள் அந்த வாசலில் நிற்கவேயில்லை. இது மூன்றாவது இடம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். திருவக்கரைக் கோயிலில் ஒரு பௌர்ணமியன்று தனம் அவரைப் பார்த்திருக்கிறாள், பிடித்தும் இருக்கிறது. தனம் என் மனைவியிடம் சொல்லி, என் மனைவி என்னிடம் சொன்ன ரகசியம் இது. நீங்கள் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

கன்னியப்பன் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டார்.

"பாசஞ்சரைப் புடிச்சு திண்டிவனம் போயி, இன்னிக்கு வராதீங்கன்னு சொல்லிட்டு வந்துடறேன் சார். பூசாரிகிட்ட கழிப்பு கழிச்சிட்டு அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம்னா?"

"அப்பறம்தான்..."

தனம் பின்கட்டு வாசற்படியில் நின்றாள். பாதிப் பின்னல் கையில். 'அப்பறம்' என்றால் என்ன என்று அந்த வீட்டில் அவளுக்குத்தான் சரியாகத் தெரியும்.

நான் சொன்னேன்: "யாரும் எங்கேயும் போகவேண்டாம். அது என் மதாம் போட்ட முட்டை!"

மதாம் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள்.

எங்கள் வீட்டில் நாலு கோழிகள். முதலாவது பிளாக் ஆபீஸில் கொடுத்த லெக்ஹார்ன். வெள்ளை உடை, வெள்ளை முட்டை. முட்டை போட்டதும் ஊருக்கே அறிவிப்பாள். பெயர் ஸ்டேஷன் மாஸ்டர். இரண்டாவது ரோட் ஐலண்ட் ரெட். ரஸ்க் நிறத்தில் முட்டை. மற்றவர்கள் கிளறி வைத்த புழுவை மெதுவாக வந்து சாப்பிடுவாள் என்பதால் ஜமீன்தாரிணி. மூன்றாவது நாட்டுக்கோழி. லேசான சந்தன நிற முட்டை. அடைக்கு உட்காருவதுதான் இவளுக்குத் தொழில். ஒரு நாள் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். எடுக்கப் போன எனக்குக் கையில் ஒரு கொத்து. குட்டிக் கண்ணாடிகள் பொரிக்கவில்லை என்பது ஒன்றுதான் குறை.

நான் பள்ளியில் வாங்கிய முட்டைகளெல்லாம் ஒரே கலர் — கணக்கு வாத்தியாரின் சிவப்பு மை. அதனாலோ என்னவோ, கலர் கலரான முட்டை மேல் எனக்கு ஒரு ஆசை. கோட்டக்குப்பத்தில் துணி வியாபாரம் செய்யும் காதர் பாய்க்கு இது தெரியும். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறியபோது, அவர்கள் வளர்த்த கோழியை எனக்காகக் கேட்டு வாங்கி வந்தார்.

"சாக்லேட் கலர்ல முட்டை போடும் சார். வெள்ளக்காரங்க பிராணன விடுவாங்க!"

கறுப்பு உடம்பு. கழுத்தில் செம்பு நிறச் சால்வை. கால் வரை இறகு — ஸாக்ஸ் போட்ட மாதிரி. கேப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாசற்படியில் ரொட்டித் தூள் விழுந்தால் மட்டும் ஓடி வருவாள். மதாம் என்று பெயர் வைத்ததில் தப்பு உண்டா?

வந்த நாளிலேயே தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்: "சாக்லேட் முட்டை வரப்போகிறது!" மாதங்கள் போயின. மதாம் ரொட்டி தின்றாள். முட்டை மட்டும் வரவில்லை. தெருவில் என்னைப் பார்த்தவர்களெல்லாம், "சார், பெப்பர்மிண்ட் எதனா போட்டுச்சா?" என்று விசாரித்தார்கள்.

ஆகவே, நான் 'மதாம் போட்ட முட்டை' என்று சொன்னதும் பச்சையம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

"சும்மா இருங்க சார். உங்க கோழிதான் முட்டையே போடாதே!"

"ஏங்க, வெளையாடற நேரமா இது?" — இது என் மனைவி. "ஞாயித்துக்கிழம கொழம்பு வெச்சிடலாம்னு நானே சொல்லிக்கினு இருக்கேன்."

"நெஜமாத்தான் சொல்றேன்."

"நீங்க பத்திரிகையில எழுதறதையே நாங்க நம்பறதில்ல சார்" என்றார் கன்னியப்பன், மரியாதை குறையாமல்.

வாரம் முழுக்க விகடம் பேசுகிறவன் புதன்கிழமை ஒரு உண்மை பேசினால் யார் நம்புவார்கள்?

"உங்க கோழி முட்டைன்னா கையில எடுங்களேன் பாக்கலாம்" என்றார் பச்சையம்மாள்.

குனிந்தேன். என் அறிவு, 'இது கோழி முட்டை' என்றது. வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியிலேயே எத்தனை தடவை சூனியத்தைக் கிண்டல் செய்திருக்கிறேன்! ஆனால் கை மட்டும் கொஞ்சம் பழைய காலத்துக் கை. முட்டைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. பிறகு, ஒரு விஞ்ஞானி போல முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு குச்சியால் அதை லேசாகத் தொட்டுப் பார்த்தேன்.

"பாத்தியா? சாருக்கே தெரிஞ்சிபோச்சி!" என்றார் பச்சையம்மாள்.

கன்னியப்பன் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். தூரத்தில் ஸ்டேஷன் மணி அடித்தது.

அப்போதுதான் தனம் படியிறங்கி வந்தாள். என் கைக் குச்சியை ஒரு பார்வை பார்த்தாள். குனிந்தாள். முட்டையை எடுத்தேவிட்டாள்.

"கீழ போடுடி பாவி மவளே!"

தனம் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பொத்திப் பார்த்தாள். பிறகு அதைத் தன் இரண்டு கண்களிலும் மெல்ல ஒற்றிக்கொண்டாள் — புதிதாகப் போட்ட முட்டையை நம் பெண்கள் ஒற்றிக்கொள்வார்களே, அப்படி.

"சூடா இருக்குதும்மா" என்றாள். "சூனியக்காரன் சுடச்சுடவா வெச்சிட்டுப் போவான்?"

பச்சையம்மாள் முட்டையைத் தொடாமல் எட்டிப் பார்த்தார்.

"இன்னமும் சந்தேகமா இருந்தா ஒடச்சிப் பாத்துடலாம். மஞ்சக்கரு இருந்தா கோழி. வேற எதனா இருந்தா சூனியம். நைனா, அதுவரைக்கும் வண்டியில ஏறாத."

உரல் விளிம்பில் ஒரு தட்டு. கிண்ணத்தில் விழுந்தது — தங்கம் மாதிரி ஒரு மஞ்சள் கரு.

கன்னியப்பன் சைக்கிளைச் சுவரில் சாத்தினார். பச்சையம்மாள் மட்டும் பாதிதான் நம்பியிருந்தார்.

"மஞ்சக்கரு இருந்தா ஆச்சா? உள்ள மந்திரிச்சிருந்தா?" என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, ஆம்லெட் போடறேன். சாரே சாப்புடட்டும். அவரு கோழிதானே?"

என் மனைவி என் பக்கம் நிற்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். "வெங்காயம் கொஞ்சம் தூக்கலா போடுங்க யெக்கா, அவருக்குப் புடிக்கும்" என்றாள்.

சாப்பிட்டேன். பற்பொடிக்கு மேல் ஆம்லெட். சுற்றிலும் நின்று எல்லாரும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்தச் சாப்பாடு இறங்கும்? தனம் மட்டும், "உப்பு சரியா இருக்குதா சார்?" என்று கேட்டுச் சிரித்தாள். அன்று காலை முதன்முதலாக.

சாயங்காலம் திண்டிவனத்துக்காரர்கள் வந்தார்கள். பெரிய மனிதர் என்று என்னையும் முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். கௌரவம் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, கண் பார்வையில் வைத்திருக்கிறார்கள்! வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தார்கள். பெண் மாப்பிள்ளையைப் பார்த்தாள். பச்சையம்மாள் கடைசி வரைக்கும் என்னையே பார்த்தார். நான் ஒரு தடவை இருமினேன். பச்சையம்மாள் கையிலிருந்த காபித் தட்டு ஆடியது.

மாப்பிள்ளையின் அப்பா மெதுவாகக் கேட்டார்: "ஏங்க, உங்களுக்கு உடம்பு எதனா சரியில்லியா? அந்தம்மா உங்களையே பாத்துக்கினு இருக்காங்களே?"

"பாசக்காரங்க" என்றேன்.

அவர்கள் லெட்டர் போடுவதாகச் சொல்லவில்லை. அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். வருகிற தை மாதம் கல்யாணம்.

முட்டை என்றாலும் பூஜ்யம். சூனியம் என்றாலும் பூஜ்யம். எதற்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதெல்லாம் தொட்டுப் பார்க்கும் வரைக்கும்தான். இதை நான் தைரியமாகச் சொல்கிறேன், குச்சியால் தொட்டவன் என்ற முறையில்.

ஒரு விஷயம். மதாம் இப்போதெல்லாம் ஸாக்ஸ் கால்களை எடுத்து வைத்து வேலியைத் தாண்டி, எலுமிச்சை மரத்தடிக்குப் போகிறாள். போகும்போது கனமாக, வரும்போது லேசாக. முட்டையைத்தான் காணோம். நேற்று வேலியருகில் போய்ப் பச்சையம்மாளிடம் கேட்டேன்.

"ஐய, எங்க சார்? உங்க கோழிதான் முட்டையே போடாதே!"

இதை எழுதும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெங்காயம் தூக்கலாகப் போட்ட ஆம்லெட் வாசனை வருகிறது. சூனியம்தான், சந்தேகமே இல்லை!