இடப்பக்கம் திரும்பாத கார்

சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸ் சர்வேயர் காந்திமதிநாதன் ஸ்கூட்டரில் முப்பதைத் தாண்டியதைப் பார்த்தவர்கள் ஊரில் யாரும் கிடையாது. ராஜபாளையம் ரோட்டில் அவர் போனால் சைக்கிள்காரன்கூட மணியடித்து முந்திப் போவான். அவரும் தாராளமாகப் போகட்டும் என்று கையைக் காட்டி ஒதுங்கிக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனிதர் கார் பந்தய வீடியோ கேம் செய்கிறார் என்ற சேதி ஆபீசுக்கு எட்டியபோது, டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்குப் புரையேறிவிட்டது.

அதுவும் இந்தக் காலத்து கேம் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்பு வந்த, கைக்குள் அடங்கும் பச்சைத் திரைப் பெட்டிக்கான கேம். முதுகில் கேசட்டைச் செருகி விளையாட வேண்டும். செல்போன் பழுது பார்க்கும் அப்துல் மஜீது, பழைய சாமான்களோடு வந்த ஒரு பெட்டியைத் தூக்கிப் போட மனசு வராமல் இவருக்குக் கொடுத்தார். அந்தப் பெட்டிக்கு இன்னமும் உலகத்தில் பல பேர் புது கேம் எழுதுகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து காந்திமதிநாதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மொத்த கேமும் முப்பத்திரண்டு கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். சித்தப்பாமார் வாட்ஸப்பில் அனுப்பும் காலை வணக்கப் பூங்கொத்து அதைவிடப் பெரிது. ஓர் அடி நிலத்துக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொள்வதை இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறவருக்கு, துளி இடத்தில் கணக்காகக் குடியேறும் அந்த வேலை பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை.

மூன்று வருடம் ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் டேப்பைத் தூக்கிக்கொண்டு போய் வளைவுகளை அளந்து வந்து ஆறு பாதைகள் போட்டார். முதல் பாதை நம்ம ஊர் ரத வீதி. இரண்டாவது கழுகுமலையைச் சுற்றும் வழி. அப்புறம் திருநெல்வேலி, தென்காசி, வாசுதேவநல்லூர்க் கோயில் வீதிகள் என்று போகும். முடித்ததும் போர்ச்சுகலுக்கு அனுப்பினார். அங்கே நாலைந்து பேர் கொண்ட ஒரு குழு, வருடத்துக்கு ஒரு கேமைத் தேர்ந்தெடுத்து நிஜக் கேசட்டாகவே போட்டு வெளியிடுகிறது. தன் கேம் கேசட்டாகி வர வேண்டும், அதைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. ஐம்பத்திரண்டு வயதுக்குள் அவர் இவ்வளவு ஆசைப்பட்டது வேறெதற்கும் இல்லை, தன்னைக் கட்டிக்கொண்டது உட்பட, என்று மனைவி முத்துமீனாள் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதில் வந்தது. கேம் ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் ஆறு பாதைகளில் ஓர் இடத்தில்கூடச் சாலை இடப்பக்கம் திரும்பவில்லையே, ஏன்? இடது வளைவுகள் உள்ள பாதை ஒன்றாவது இருந்தால்தான் இறுதிச் சுற்றுக்கு எடுக்க முடியும். ஒன்பது நாள் அவகாசம்.

முத்துமீனாள் குருவிகுளம் யூனியன் ஆபீசில் உதவியாளர். வேலை முடிந்து ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கிய?"

"மீனா, என் காரு எடது பக்கம் திரும்பாதாம்ட்டி."

"மூணு வருசமா இது ஒங்களுக்குத் தெரியலியா?"

"நீயே சொல்லு. ரத வீதியில எங்கன எடது பக்கம் திரும்புவ?"

அவள் நின்ற இடத்திலேயே மனசுக்குள் கோயிலை ஒரு சுற்று வந்து பார்த்தாள். தெற்கு ரத வீதி, மேல ரத வீதி, வடக்கு, கிழக்கு. எங்கேயும் இடப்பக்கம் திரும்பவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நடந்தது இதுதான். அவருக்குப் பந்தயம் என்றால் சுற்றி வருவது, சுற்றி வருவது என்றால் கோயிலைச் சுற்றுவது. தேர் போகிற திசையில் காரும் போனது. கேமுக்குள் ஒவ்வொரு வளைவும் எவ்வளவு ஒடிகிறது என்று ஓர் எண் கொடுத்தாரே தவிர, அது எந்தப் பக்கம் என்று எங்கேயும் எழுதவில்லை. வளைவு என்றாலே வலது பக்கம்தான் என்று கை தன்பாட்டில் எழுதிக்கொண்டே போயிருக்கிறது.

சனிக்கிழமை காலையில் எளிதான வழி ஒன்று தோன்றியது. ரத வீதிப் பாதையை அப்படியே எதிர்த்திசையில் ஓட விட்டால் தீர்ந்தது. அரை நாளில் செய்து முடித்துப் பெட்டியை மனைவியிடம் நீட்டினார். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏங்க, கோபுரம் எடது கைப்பக்கம் வருது."

"கேம்தானட்டி."

"கேம்னா? கோமதியம்மன எடமா சுத்துவியளா?"

உண்மையைச் சொன்னால், அந்தப் பாதையைத் தானே ஓட்டிப் பார்க்க அவருக்கும் விரல் அழுந்தவில்லை. பேசாமல் அழித்துவிட்டார். மூன்று வருட உழைப்பு ஒரு திருப்பத்தில் மாட்டிக்கொண்டதே என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

முத்துமீனாளுக்கு அது பொறுக்கவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "கோயில விடுங்க. நான் குருவிகுளம் போற ரோட்டப் போடுங்க. அதுல எடதும் வலதும் எம்புட்டு வேணும் ஒங்களுக்கு? திங்கக்கிழம என் வண்டியில பின்னால உக்காருங்க."

திங்கட்கிழமை அவர் லீவு போட்டார். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் திசை காட்டும் செல்போன். மூன்றாவதாக ஒரு கை இருந்திருந்தால் மனைவியின் தோளைப் பிடித்திருப்பார். அவள் ஓட்டி அவர் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. ஊர் எல்லை வரை நல்லபடியாகத்தான் போனாள். அதற்கப்புறம் கரிசல் காடுகள் இரண்டு பக்கமும் பின்னோக்கி ஓட ஆரம்பித்தன. குளத்துக்கரை வளைவை எழுதினார். ஆட்டுக் கிடைக்குப் பக்கத்து வளைவை எழுதினார். முத்துமீனாள் ஒவ்வொரு வளைவுக்கும் உடம்பை லேசாகச் சாய்த்து, வண்டியைக் குலுங்க விடாமல் கொண்டுபோனாள். செங்கல் சூளைப் பக்கம் ரோடு சட்டென்று இடது பக்கம் திரும்பி, உடனே வலது பக்கம் ஒடிந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சூள வளைவ எழுதிட்டியளா?"

"கண்ணத் தொறக்குறதுக்குள்ள அது பின்னால போயிட்டுட்டி. வண்டியத் திருப்பு."

"ஆபீசுக்கு நேரமாவுது. நான் சொல்லுதேன், எழுதுங்க. மொதல்ல எடது, கொளத்துக்கரையில எழுதுனதுல பாதி. ரெண்டு எண்ணுறதுக்குள்ள வலது, அதவிடக் கூட. நடுவுல பிரேக்கு கெடையாது."

"பிரேக்கு கெடையாதா?"

"பதினோரு வருசமா நான் அங்கன பிரேக்கு பிடிச்சதில்ல."

அளக்காத எண்ணை அவர் பேனா எழுதியது கிடையாது. மாமனாரின் நிலத்தையே இரண்டு தடவை அளந்து அரை சென்ட் குறைத்துக் காட்டியவர் அவர். அன்றைக்கு வேறு வழியில்லாமல், மனைவி வாயால் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். சனிக்கிழமைக்குள் இடது வளைவுகளோடு ஏழாவது பாதை தயாராகிவிட்டது.

ஓட்டிப் பார்த்தார். சூளை வளைவில் கார் கவிழ்ந்தது. மறுபடி ஓட்டினார், மறுபடி கவிழ்ந்தது. மெதுவாகப் போனால் நேரம் முடிந்து ஆட்டம் அவுட். நாற்பது தடவையாவது கவிழ்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அனுப்பக் கடைசி நாள். யாராலும் தாண்ட முடியாத வளைவை அனுப்பினால் கேமே பழுது என்று தள்ளிவிடுவார்கள். எண்ணைக் கொஞ்சம் குறைத்தால் தப்பிக்கலாம். குறைக்கப் போன விரலோடு அடுக்களையை எட்டிப் பார்த்தார்.

"மீனா, நீ சொன்ன அளவு தப்புட்டி."

கரண்டியோடு வந்தாள். "தப்பா? இங்க கொண்டாங்க."

பந்தயம் ஓட்ட அந்தப் பெட்டியை அவள் பிடித்தது அன்றைக்குத்தான். முதல் தடவை எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாமல் குளத்துக்குள் போனாள். இரண்டாவது தடவை கரண்டியைக் கீழே வைத்தாள். குளத்துக்கரை, ஆட்டுக்கிடை எல்லாம் வந்து போனது. சூளை வந்ததும் அவள் உடம்பு தன்னால் இடது பக்கம் சாய்ந்தது, அடுத்த நொடி வலது பக்கம். கட்டைவிரல் பிரேக் பொத்தான் பக்கமே போகவில்லை. கார் நூல் பிடித்த மாதிரி தாண்டிப் போனது. காந்திமதிநாதன் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றார்.

"பாத்தியளா? அளவு சரி. ஓட்டுற ஆளுதான் சரியில்ல."

எண்ணைத் தொடாமல் அப்படியே அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கேம் தேர்வாகிவிட்டது. ஏழாவது பாதையில் அந்த இரட்டை வளைவை விடாமல் ஒரு வாரம் ஓட்டினார்களாம். அவர்களில் ஒருத்தர்தான் பிரேக் இல்லாமல் தாண்டினாராம், அன்றைக்கே எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்களாம். அதைப் படித்த காந்திமதிநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலை ராஜபாளையம் ரோட்டில் முப்பத்தைந்து வரைக்கும் போனார். பார்த்த சாட்சி அப்துல் மஜீது.

தை மாதத்தில் பார்சல் வந்தது. உள்ளே கைக்கடக்கமாகச் சாம்பல் நிறக் கேசட், மேலே கோபுரமும் காரும் போட்ட ஒட்டுப்படம். கண்ணில் நீர் முட்டியதை அவர் மறைக்கவில்லை. பெட்டியில் செருகி, மனைவி கையில் கொடுத்தார். முத்துமீனாள் ஏழாவது பாதையைத் தேர்ந்தெடுத்து, சூளை வளைவை அலட்சியமாகத் தாண்டி, ஆட்டத்தை முடித்தாள். பச்சைத் திரையில் பேர்கள் மேலேறி வந்தன. எழுதியது, காந்திமதிநாதன். அதற்குக் கீழே, நில வரைபடங்களில் சர்வேயர் தன் கையெழுத்தை மட்டுமே இதுவரை போட்டுவந்த இடத்தில், அளந்தது, முத்துமீனாள்.

அவள் பெட்டியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அளந்து எழுதுறவுக, என் பேர மட்டும் பொடி எழுத்துல போட்டிருக்கிய."

"எடம் இல்லட்டி. ஒம்பது பைட்டுதான் மிச்சம் இருந்துச்சி."

"சரி, தள்ளி உக்காருங்க," என்றாள் முத்துமீனாள். "இன்னொரு தடவ போயிட்டு வாரேன்."