வாழைக்கட்டையைப் புதைத்த குழி

கல்லூரி நாட்களில் வேடியப்பன் அரக்கோணத்தில் ரயிலை மறித்தவர். கடலுக்கு அந்தப் பக்கம் தமிழன் செத்துக்கொண்டிருக்கும்போது இங்கே ரயில் ஒரு கேடா என்று தண்டவாளத்தில் படுத்தார். பக்கத்தில் படுத்தவர் கூட்டாளி கோதண்டம். அன்று ஒரு கல் என்ஜின் கண்ணாடியை உடைத்தது. எறிந்தது வேடியப்பன். காவல் நிலையத்தில் கோதண்டம் முந்திக்கொண்டார்.

"நான்தாங்க எறிஞ்சேன். அவன் படிக்கிறவன், வுட்டுடுங்க."

வழக்கில் சிக்காத வேடியப்பன் தேர்வெழுதி வெளியுறவுப் பணிக்குப் போனார். வழக்கில் சிக்கிய கோதண்டத்துக்கு ரயில்வேயில் கலாசி வேலைகூடக் கிடைக்கவில்லை. சொந்த ஊரான திருத்தணிக்குத் திரும்பி மண்வெட்டி பிடித்தார். கூலிக்காரன் பிள்ளைகளுக்கு இந்த நாடு ஒரே ஒரு கதவைத்தான் வைத்திருக்கிறது. அதிலும் ஒருவன் நுழைய இன்னொருவன் வெளியே நிற்க வேண்டும்.

எந்த மக்களுக்காகத் தண்டவாளத்தில் படுத்தாரோ, அவர்களைப் பற்றிய பேச்சுவார்த்தையில் தில்லி எழுதிக் கொடுத்ததை வேடியப்பன் நெளியாமல் வாசித்தார். 'முடியாது' என்ற சொல்லை வாயால் சொல்லாமலே முடியாது என்று உணர்த்துவதே அந்தத் தொழில். அதில் அவர் கெட்டிக்காரர்.

ஓய்வுபெற்று அவர் ஊருக்கு வந்த மறு ஆண்டு, வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போன கோதண்டத்தின் மகன் தணிகைவேல் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். உடலை அனுப்ப முதலாளி கையெழுத்துப் போட மறுத்தான். போட்டால் விபத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"வேடி, புள்ள மூஞ்சிய ஒருவாட்டி பாத்தா போதும்டா. நீ சொன்னா கேக்க மாட்டாங்களா?"

வேடியப்பன் தூதரகத்துக்குப் பேசினார். அவரிடம் தொழில் பழகிய அதிகாரி, "உரிய மட்டத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம், சார்" என்றான். ஒன்றும் நடக்காது என்று அவருக்குப் புரிந்தது. அப்படிச் சொல்லக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஆனாலும் கோதண்டத்தின் முகத்தைப் பார்த்ததும் பழகிய வாய் தானாகப் பேசியது.

"பேசிகினு இருக்காங்கடா. பெரிய எடத்துல."

உடல் வந்துவிடும் என்று நம்பி, கோதண்டம் அன்றே இடுகாட்டில் குழி வெட்ட ஆள் அனுப்பினார். குழி வெட்டி முடித்த பிறகுதான் செய்தி வந்தது: அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

வெட்டிய குழியைச் சும்மா மூடினால் அது வீட்டில் இன்னொரு ஆளைக் கேட்கும் என்பது ஊர் நம்பிக்கை. ஒரு வாழைக்கட்டைக்குத் தணிகைவேலின் சட்டையை மாட்டிக் கொண்டுவந்தார்கள். தாய் பூவம்மாள் அதைக் கட்டிக்கொண்டு அலறினாள். கல்லூரி நாட்களில் மேடை மேடையாக ஏறி இதையெல்லாம் மடமை என்று கிழித்தவர் வேடியப்பன். மடமைதான். ஆனால் அவர் ஆயுள் முழுக்கக் கொடி பிடித்த நாடு, கட்டி அழ அவளுக்கு வேறு எதைக் கொடுத்தது?

"முடியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா" என்றார் கோதண்டம். "குழி வெட்டியிருக்க மாட்டேன். இவளும் வாசல்ல ஒக்காந்துகினு வண்டி வருதான்னு பாத்திருக்க மாட்டா."

"உங்க வருத்தத்த நான் முழுசா..." என்று தொடங்கிவிட்டு வேடியப்பன் நின்றார். கூட்டாளியை அவர் 'உங்க' என்று சொன்னது அதுவே முதல் தடவை.

கோதண்டம் மண்வெட்டியை அவர் பக்கம் நீட்டினார்.

"பேசனது போதும். மூடு."