ஆண்டனி சொல்லாமல் விட்ட சாட்சி

ஆண்டனி ஆட்டோ ஸ்டாண்டுக்குள் நுழைந்தால் மற்றவர்களுக்கு அவசர வேலை வந்துவிடும். ஒருவர் போனைக் காதில் வைப்பார். இன்னொருவர் குனிந்து டயரைப் பார்ப்பார். ஆண்டனி அடையாறில் எத்தனையோ வருடமாக வண்டி ஓட்டுகிறவர். அவர்மேல் யாருக்கும் கோபமில்லை. அவர் இயேசுவைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தார்கள், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையோடு சரி. மனைவி ஜாஸ்மின் புற்றுநோயில் இறந்த பிறகுதான் ஜெபக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தார். பிள்ளைகள் இல்லை. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு வீட்டில் டிவி மட்டும் பேசிக்கொண்டிருக்கும். கூட்டத்தில் எல்லாரும் கைதட்டிப் பாடும்போது நெஞ்சுப் பாரம் கொஞ்சம் நகர்ந்தது. அது பொய்யில்லை. அதைத்தான் எல்லாருக்கும் கொடுக்க ஆசைப்பட்டார்.

அவர் பேச்சைக் கடைசிவரை கேட்பவர் சுப்பராயன் ஒருவர்தான். அதே ஸ்டாண்டுக்காரர், வருடா வருடம் மாலை போட்டு மலைக்குப் போகிறவர். அவர் மனைவி கெங்கம்மா டயாலிசிஸில் இருந்தபோது ஆண்டனி சொன்னார்:

"அவர நம்பி ஏத்துக்கோ சுப்பு. அண்ணி எந்திரிச்சு நடப்பாங்க. நான் கேரண்டி."

ஆடி மாதம் கெங்கம்மா இறந்துபோனார். மாலையோடு போன ஆண்டனியைச் சுப்பராயன் வாசலிலேயே நிறுத்தினார்.

"நான் ஏத்துக்கல. அதான் செத்துட்டாளா? சொல்லு நைனா."

ஆண்டனி மாலையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அதன் பிறகு ஸ்டாண்டில் அவர் எதுவும் பேசவில்லை. சவாரி வந்தால் போவார். இல்லாவிட்டால் பின்சீட்டில் சுருண்டு கிடப்பார். என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவுமில்லை. ஜெபக் கூட்டத்தில், ஆண்டவர் செய்த நன்மையை எல்லார் முன்னும் சொல்லும்படி, "சாட்சி சொல்லுங்க பிரதர்" என்று கூப்பிட்டார்கள். எழுந்து நின்றவர் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு நாள் மதியம் இரண்டு பார்சல் சாப்பாடு வாங்கிக்கொண்டு சுப்பராயன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"இன்னா, ஜெபம் பண்ண வந்தியா?"

"இல்ல சுப்பு. ஜாஸ்மினுக்கும் ஜெபம் பண்ணேன். முட்டி தேயப் பண்ணேன். அவளும் பூட்டா. ஏன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. உங்கிட்ட கேரண்டின்னு சொன்னது தப்பு."

சுப்பராயன் கதவைப் பிடித்தபடியே கேட்டார்.

"அப்பறம் எதுக்கு அந்த ஏசுவப் புடிச்சிக்கினு கீற?"

"ஜாஸ்மின் போனப்பறம் பேச யாரும் இல்ல. அவரும் பதில் சொல்றதில்ல. ஆனா எந்திரிச்சிப் போறதில்ல."

"இத்த மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் சுப்பராயன். உள்ளே வரச்சொல்லி வழிவிட்டார்.

சாப்பிடும் முன் கெங்கம்மா படத்துக்குக் கற்பூரம் காட்டினார். "நீயும் உங்காளுகிட்ட அவளுக்காக ஒரு வார்த்த சொல்லேன். சத்தம் போடாம."

இருவரும் அருகருகே கண்மூடி நின்றார்கள். என்ன வேண்டினாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் ஓசூரில் இருக்கும் மகள் வந்து சுப்பராயனைத் தன்னோடு அழைத்துப் போய்விட்டாள். எப்போதாவது போன் வரும். "இன்னா நைனா, துன்னியா?" பேச்சு நீளாது. வைத்த பிறகு வீடு முன்னிலும் வெறிச்சென்று கிடக்கும். ஆண்டனி நாற்காலியிலேயே உட்கார்ந்து, "சுப்புவப் பாத்துக்கோ ஆண்டவரே" என்பார். வேறெதுவும் கேட்பதில்லை.