சுற்றிப் போனவர்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் பாசஞ்சரில் எனக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். கனத்த உடம்பு, மருதாணி பூசிச் சிவந்த தாடி. அந்தப் பெரிய கைக்குள் செல்போன் தீப்பெட்டி போலத் தெரிந்தது. அதில் கார் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தார். வளைவு வந்தால் அவரும் சேர்ந்து சாய்வார்.

பந்தயத்தின் கடைசித் திருப்பத்தில் ஒரு டீக்கடைக்காரன் நிற்பான். அவன் மேல் ஏற்றிப் போனால் குறுக்கு வழி. இவர் ஒவ்வொரு தடவையும் அவனைச் சுற்றிப் போய்த் தோற்றார்.

அவர் பக்கத்தில் இருந்த அவருடைய நண்பருக்குப் பொறுக்கவில்லை. “ஏத்தும் வே! அவனுக்குப் பேரு உண்டா, பேச்சு உண்டா? மரம், கல்லு மாதிரி அதுவும் ஒரு படம். ஆளுன்னா கார் ஓட்டுதவன் மட்டுந்தான்.”

“கார் கிட்ட வந்ததும் கையத் தூக்கி மூஞ்சிய மறைக்கான் வே. மரம் மறைக்குமா? பயப்படுதான்னா அவனும் ஆளுதான்.”

“அப்ப தோத்துக்கிட்டே வாரும்.”

“இறங்குததுக்குள்ள சுத்திப் போயே ஜெயிக்கேன், பாரும்” என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

காயல்பட்டினம் வந்தது. வாசலருகே ஒருவர் குறுக்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நண்பர் அவரைத் தாண்டி இறங்கிவிட்டார். இவர் தாண்டவில்லை. போனை விடாமல் அழுத்தியபடியே பெட்டியின் அடுத்த வாசலுக்கு நடந்தார்.

ரயில் நகர்ந்தபோது பார்த்தேன். நடைமேடையில் அவர் போனை நீட்டிக்கொண்டிருந்தார், நண்பர் தன் தலையில் கை வைத்தபடி நின்றார். ஜெயித்துவிட்டீர்களா என்று ஜன்னல் வழியே கேட்க வாய் வரை வந்தது. கூச்சத்தில் கேட்காமலே விட்டுவிட்டேன்.