ஜூஜுவாடியின் பழைய சுரங்க ஸ்டேஷன்

"மெட்ரோ ஸ்டாப்பெல்லாம் எறங்குங்க!" என்று கண்டக்டர் கூவ, ஜூஜுவாடியில் பாதி பஸ் இறங்கியபோதுதான் அந்த யோசனை வந்தது. மெட்ரோ ரயில் இன்னும் வரவில்லை, ஸ்டாப் வந்துவிட்டது. மெட்ரோ டீக்கடை இருக்கிறது, மெட்ரோ நகர் பிளாட்டுகள் இருக்கின்றன. நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பேச்சில் இருக்கிற ஸ்டேஷன் பழைய ஸ்டேஷன் இல்லாமல் வேறென்ன? அதன் வரலாற்றை நானே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

அது சுரங்க ஸ்டேஷன் என்பதற்கு ஆதாரம் எங்கள் ரோஜாத் தோட்டத்திலேயே இருந்தது. சில வருஷங்களுக்கு முன் நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், யாரோ வந்து ஆழமாக ஒரு துளை போட்டு, பக்கத்தில் மஞ்சள் கல்லும் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வந்தது மெட்ரோக்காரர்கள், ரயில் நம் தோட்டத்துக்கு அடியில்தான் போகிறது என்று அப்பா அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்தக் கோடையில் பழைய போர்வெல் வற்றி, செடிகள் நுனியிலிருந்து கருகத் தொடங்கியபோதும் புது போர் போட மறுத்தார்.

"சுரங்கத்துல ஓட்ட வுழுந்தா ரயில்ல போறவங்க தல மேல தண்ணி ஊத்தும். கேஸ் யாரு மேல வரும்?"

"இன்னும் தோண்டவே இல்லையேப்பா."

"உனக்கு யாரு சொன்னா? அடியில தோண்டறது மேல தெரியுமா?"

நான் படித்த இன்ஜினியரிங்கை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வரலாற்றுக்குச் சாட்சி தேடி மெட்ரோ டீக்கடை அண்ணனிடம் போய், அன்று துளை போட்டவர்களைப் பற்றிக் கேட்டேன்.

"அவங்களா? பக்கத்து குடோன் கட்டறதுக்கு மண்ணு பாக்க வந்தவங்க பாப்பா. எடம் மாறி உங்க தோட்டத்துல போட்டுட்டாங்க. அடி மண்ணு ஒரே சேறுன்னு பொலம்பிட்டே டீ குடிச்சாங்க."

"இத்தன வருஷமா ஏண்ணா சொல்லல?"

"சொன்னா கடைக்கு வேற பேரு வெக்கணுமே!"

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். கெலமங்கலத்துச் சொந்தக்காரர்கள் வரைக்கும் ஸ்டேஷனைச் சொல்லிவைத்திருந்த அப்பா, மஞ்சள் கல்லைக் காலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "சேறுன்னா சொன்னான்?"

நாளைக் காலை போர் வண்டி வருகிறது. அடியில் சேறு இருந்தால் தண்ணீரும் இருக்கும் என்று அந்தத் துளைக்குப் பக்கத்திலேயே போடப்போகிறோம். தண்ணீர் வந்தால் செடிகள் பிழைக்கும். இல்லையென்றால் தோட்டத்தை உழுதுவிட வேண்டியதுதான். வண்டிக்காரருக்கு அப்பா போனில் வழி சொல்லிக்கொண்டிருக்கிறார்:

"மெட்ரோ ஸ்டாப் தாண்டி லெஃப்ட்ல திரும்புங்க தம்பி. அப்புறம், போடறப்ப கொஞ்சம் மெதுவாவே எறக்குங்க. எதுக்கும் இருக்கட்டும்."